சூடும் உராய்வும்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாறு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மொழிபெயர்ப்பும் கவிதையும்' என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் பணித்தார். அத்தலைப்பு கடல். ஒரு மணி நேரத்தில் கடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கரையைப் பற்றியே பேசிவிட்டு அமர்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன். தோல் எதனுடனாவது உராய்ந்து உராய்ந்து சிவந்து எரிவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஒன்று உண்டு: 'சேஃப்' என்பது அது. ஒலிப்பில் ஓர் இடர்ப்பாடு. 'பாதுகாப்பான' என்று பொருள்படும் மற்றொரு ஆங்கிலச் சொல்லையும் நாம் தமிழில் 'சேஃப்' என்றே எழுதுகிறோம். நான் சொல்லவந்த சொல்லின் முதலொலி 'பச்சை' என்பதில் வரும் வல்லொலி. அதை எழுத்தில் காட்ட வேண்டுமானால் 'ச்சேஃப்' என்று எழுத வேண்டும். மெய்யெழுத்தைச் சொல்லுக்கு முதலில் நிறுத்துவதைத் தொல்காப்பியர் ஒப்பமாட்டார். இந்த ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் அவர் பொறுத்தருள்வாராக.

இச்சொல்லின் இன்றைய பொருள்கள் எளியவை. புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி உராய்ந்து கழுத்துத் தோல் கன்றிப்போனால் 'ச்சேஃப்' என்பர். நெடுந்தொலைவு நடப்பவர்க்கும் ஓடுபவர்க்கும் வியர்வையில் தொடையோடு தொடை உரசிப் புண்ணாவதற்கும் இதே சொல். கப்பலில் கயிறு மரத்தோடு உராய்ந்து நைந்துபோவதும் இதுவே. அவ்வாறு நையாதிருக்கக் கயிற்றின்மேல் சுற்றும் உறைக்கு இச்சொல்லிலிருந்தே மாலுமிகள் பெயர் வைத்துக்கொண்டார்கள். இவை உடலையும் பொருளையும் சார்ந்தவை. மனத்தைச் சார்ந்த பொருளும் உண்டு. கட்டுப்பாட்டுக்குள் அடைபட்ட ஒருவன் பொறுமை இழந்து உள்ளுக்குள் புழுங்குவதும் 'ச்சேஃப்'தான். அயலார் ஆட்சியின் கீழ் ஒரு மக்களினம் குமுறுவதையும், மேலதிகாரியின் கெடுபிடியில் ஓர் எழுத்தர் பொருமுவதையும் ஆங்கில நாளிதழ்கள் இச்சொல்லால் குறிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் எவரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவர். முதலில் தோல் உராய்ந்தது. பிறகு அதை உவமையாக்கி மனம் உராய்ந்ததாகச் சொன்னார்கள். உடலிலிருந்து உள்ளத்துக்கு ஏறியது சொல் என்பதே அம்முடிவு. உருவகம் பற்றிப் பேசும் நூல்கள் நமக்குக் கற்பித்திருக்கும் பாதையும் இதுவே: பருப்பொருளிலிருந்து நுண்பொருளுக்கு. முடிவு அழகாக இருக்கிறது. ஆனால் இச்சொல்லின் வரலாறு அப்படி நடக்கவில்லை.

வரலாற்றை வேரிலிருந்து பார்ப்போம். லத்தீனில் 'கலேரே' என்றால் சூடாக இருத்தல். 'ஃபகெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து 'கலேஃபகெரே': சூடாக்குதல். இதில் தோலும் இல்லை, உராய்வும் இல்லை, புண்ணும் இல்லை. அடுப்பும் நீரும் வெயிலுமே உண்டு. மக்கள் வாயில் இச்சொல் குறுகிப் பழைய பிரெஞ்சு மொழிக்கு வந்தபோது இரண்டு மாற்றங்களைப் பெற்றது. லத்தீனில் அகரத்துக்கு முன் நின்ற ககரம் பிரெஞ்சில் சகரமாயிற்று. 'பாடு' என்னும் பொருளுடைய 'கந்தாரே', 'தலை' என்னும் பொருளுடைய 'கபுத்' ஆகிய சொற்களுக்கும் இதே கதி நேர்ந்தது. அடுத்து, மெய்யெழுத்துக்கு முன் நின்ற லகரம் உகரமாகக் கரைந்தது. இவ்வாறு 'கலேஃப' என்பது 'சௌஃப்' என்றாகி, நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வென்றபின் அவர்களுடைய மொழியின் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அங்கே 'சௌ' என்பது 'சே' ஆயிற்று.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. சற்று முன் நம்மை இடர்ப்படுத்திய அந்த மற்றொரு 'சேஃப்' இருக்கிறதே, அதுவும் இதே பாதையில் நடந்து வந்த சொல்தான். லத்தீனில் 'சல்வுஸ்', பழைய பிரெஞ்சில் 'சௌஃப்', ஆங்கிலத்தில் 'சேஃப்'. லகரம் கரைந்தது, ஔகாரம் ஏகாரமானது, எல்லாம் ஒன்றே. தமிழெழுத்தில் இரண்டையும் வேறுபடுத்த முடியாமல் நாம் தடுமாறுவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

பிரெஞ்சு மொழி தன் பங்குக்குப் பின்னாளில் அந்த வல்லொலியை 'ஷ' என மென்மையாக்கிக்கொண்டது. ஆங்கிலம் முதலில் கடன் வாங்கிய சொற்கள் பழைய ஒலியோடு நின்றுவிட்டன. பிறகு வாங்கியவை புதிய ஒலியோடு வந்து சேர்ந்தன. அதனால் ஒரே சொல்லை இருமுறை கடன் வாங்கியும் அதை உணராத நிலை ஆங்கிலத்துக்கு ஏற்பட்டது. 'தலை' என்ற சொல் முதல்முறை 'சீஃப்' ஆக வந்து தலைவரைக் குறித்தது; மறுமுறை 'ஷெஃப்' ஆக வந்து சமையற்கூடத்தில் தலைமை தாங்கியது. நம் சொல்லும் அப்படியே. முதல்முறை வந்தது 'ச்சேஃப்'. மறுமுறை, 19-ஆம் நூற்றாண்டு முடியும் வேளையில் மோட்டார் வண்டியோடு வந்தது 'ஷோஃபர்'. சூடாக்குபவன் என்பதே அதன் பொருள். நீராவிப் பொறிக்கு நெருப்பூட்டி நின்ற தொழிலாளியின் பெயர், பொறி மாறிய பின்னும் மாறாமல், வண்டியோட்டிக்கு வாய்த்தது. இதே பெயருக்குக் கொடியதொரு முற்பிறவியும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1790-களில், சிற்றூர் வீடுகளில் புகுந்து, பணம் இருக்கும் இடத்தைச் சொல்லும்வரை வீட்டாரின் பாதங்களை நெருப்பில் வாட்டிய கொள்ளையரையும் மக்கள் 'ஷோஃபர்' என்றே அழைத்தார்கள்.

ஆங்கிலத்தில் நுழைந்த காலத்தில் நம் சொல் சூட்டை மறக்கவில்லை. மேசைமேல் உணவைச் சூடாக வைத்திருக்கும் அடுப்போடு கூடிய பாத்திரத்துக்கு இன்றும் ஆங்கிலத்தில் 'ச்சேஃபிங் டிஷ்' என்று பெயர். நம் ஊர்த் திருமண விருந்துகளில் வரிசையாக வைத்திருக்கும் மூடியிட்ட எவர்சில்வர்ப் பாத்திரங்களும் அவைதாம். அவற்றிலிருந்து பிரியாணி எடுத்துக்கொள்பவர்க்கு, தொடை உரசிப் புண்ணாவதைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒன்றே என்று சொன்னால் பசி போய்விடும். ஆகவே சொல்லாதிருப்பதே நாகரிகம்.

இன்னொரு சான்று அரசு அலுவலகத்திலிருந்து கிடைக்கிறது. இங்கிலாந்தின் சான்சரி அலுவலகத்தில் ஆவணங்களுக்கு முத்திரையிட மெழுகை உருக்கிப் பக்குவம் செய்வதற்கென்றே ஓர் அலுவலர் இருந்தார். 'ச்சேஃப்-வேக்ஸ்', அதாவது 'மெழுகு சூடாக்கி' என்பது அவருடைய பதவிப் பெயர். டிக்கன்ஸ் 1850-இல் தம் வார இதழில் எழுதிய கதையொன்றில், ஓர் ஏழைக் கொல்லர் தாம் கண்டுபிடித்த பொறிக்குக் காப்புரிமை பெற லண்டனுக்கு வந்து, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் காசு கட்டி அலைக்கழிகிறார். அந்த மேசைகளில் ஒன்று துணை மெழுகு சூடாக்கியுடையது. மெழுகை உருக்கத் துணைக்கு ஒருவர்! 1852-இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. டிக்கன்ஸின் கேலி அதற்கு எவ்வளவு காரணம் என்பதை வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுவிடுவோம்.

நம் சொல்லுக்கு வருவோம். சூடாக்குதல் என்ற பொருளோடு வந்த சொல், 14-ஆம் நூற்றாண்டிலேயே, சினமூட்டுதல், சினத்தல் என்ற பொருளையும் பெற்றுவிட்டது. தோலை உராய்ந்து புண்ணாக்குதல் என்ற பொருள் எழுத்தில் வருவதோ 16-ஆம் நூற்றாண்டில். காலவரிசையைக் கவனியுங்கள். மனம் முந்தி, தோல் பிந்தி. இது எப்படித் தெரியும் என்றால், சொல்லின் ஒவ்வொரு பொருளையும் அது முதலில் எழுத்தில் காணப்படும் ஆண்டோடு அடுக்கிக்காட்டும் பேரகராதி ஒன்று ஆங்கிலத்துக்கு வாய்த்திருக்கிறது. ஜேம்ஸ் மர்ரி பதிப்பித்த முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. முதற்பதிப்பு நிறைவுற்றது 1928-இல். மர்ரி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அகராதி என்பது பொருள் தேடும் இடம் மட்டுமன்று, சொல்லின் பிறந்தநாள்களைத் தேடும் இடமும்கூட என்பதை அந்நூல் காட்டியது.

ஆகவே சினம் என்ற பொருள் புண்ணிலிருந்து வரவில்லை; சூட்டிலிருந்து நேராக வந்தது. இது நமக்குப் புதிதன்று. 'காய்தல்' என்பது தமிழில் சுடுதலும் சினத்தலும் ஆகும். 'கொதித்தான்' என்கிறோம், 'சூடாகப் பேசினான்' என்கிறோம், 'எரிந்து விழுந்தான்' என்கிறோம். சினத்தை வெப்பமாக உணர்வதற்கு இடையில் தோல் என்ற தரகர் தேவைப்படவில்லை.

அப்படியானால் தோல் எங்கே வந்து சேர்ந்தது? இடையில் ஒரு கை இருக்கிறது. இந்த இடம்தான் இச்சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம். குளிரில் விறைத்தவரையும் மயங்கி விழுந்தவரையும் எப்படிச் சூடாக்குவது? நெருப்பருகே கொண்டுபோகலாம், அல்லது அவருடைய கைகால்களை நம் உள்ளங்கையால் தேய்க்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் இச்சொல் அந்தத் தேய்த்தலைக் குறிக்கத் தொடங்குகிறது. தேய்த்துச் சூடாக்குதல் என்ற பொருள் அது. பழைய ஆங்கில நாவல்களில் யாரேனும் மயங்கி விழுந்தால் உடனே யாரோ ஒருவர் அவருடைய கைகளையும் நெற்றிப்பொட்டையும் 'ச்சேஃப்' செய்வார். டென்னிசன் 1842-இல் வெளியிட்ட 'மார்ட் த ஆர்தர்' என்னும் கவிதையில், படுகாயமுற்ற ஆர்தர் மன்னனைத் தோணியில் ஏற்றியபின், அரசியருள் உயர்ந்தவளும் அழகியுமான ஒருத்தி அவன் தலையைத் தன் மடியில் கிடத்தி, உடைந்த தலைக்கவசத்தைக் கழற்றி, அவன் கைகளைத் தேய்க்கிறாள். அங்கே வரும் வினை இதுதான். சாகப்போகும் ஒருவனின் கையில் சிறிது சூட்டை நிறுத்திவைக்க முயலும் பரிவு அது. இன்று ஆங்கிலம் கற்கும் மாணவன் அந்த அடியைப் படித்தால், அரசி அவன் கைகளைத் தேய்த்துப் புண்ணாக்கினாள் என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு.

தேய்த்துச் சூடாக்குவதிலிருந்து தேய்த்துப் புண்ணாக்குவதற்கு எத்தனை தொலைவு? தோலுக்குத் தெரியும், அதிகமில்லை. அதே கை, அதே அசைவு. சற்று நேரம் கூடினால் போதும். 16-ஆம் நூற்றாண்டில் சொல் அந்தக் கோட்டைத் தாண்டியது. தாண்டிய பின் கையின் இடத்தைச் சேணமும் கயிறும் விலங்கும் கழுத்துப்பட்டியும் எடுத்துக்கொண்டன. சேணத்தின் கீழ்த் தோல் வழன்ற குதிரை, கடிவாளத்தோடு போராடும் குதிரை ஆகியவற்றின் வழியாகச் சொல் மீண்டும் மனத்துக்குள் நுழைந்தது. இம்முறை நுழைந்தது வெறும் சினமாக அன்று, கட்டுண்டவனின் பொறுமையின்மையாக. ஆக, மனத்துக்குள் இது இருமுறை போயிருக்கிறது: ஒருமுறை நெருப்பின் வழியே, ஒருமுறை நுகத்தின் வழியே. இரண்டு ஓடைகளும் இன்று ஒரே சொல்லில் கலந்து ஓடுகின்றன. எங்கே எது என்று பிரித்தறிவதே மொழிபெயர்ப்பாளரின் பாடு.

'இரிட்டேட்' என்ற சொல்லும் இவ்வாறே; லத்தீனில் தூண்டிவிடுதல், சீண்டுதல் என்று தொடங்கித் தோலுக்குப் பின்னால்தான் வந்தது. அரிப்பைக் குறிக்கும் 'இட்ச்' என்பது மட்டும் நேர்மையான சொல். பழைய ஆங்கிலத்திலேயே தோலில் தொடங்கி, பிறகே ஆசைக்குப் பெயராயிற்று.

இங்கே ஒரு கிளைக்கதை. 'ஃப்ரெட்' என்ற இன்னொரு ஆங்கில வினையும் உராய்ந்து நைதலையும் மனம் நொந்து கவலுறுதலையும் குறிக்கும். அதன் வேர் நெருப்பன்று, பல். பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ரெதன்' என்றால் தின்று தீர்த்தல். ஜெர்மன் மொழியில் விலங்குகள் தின்பதைக் குறிக்கும் 'ஃப்ரெஸ்ஸன்' அதன் உடன்பிறப்பு. இதைப் படித்தபோது நம் மொழி என் நினைவில் வந்து நின்றது. அரித்தல் என்கிறோம்: கறையான் அரிக்கிறது, நீர் கரையை அரிக்கிறது, தோல் அரிக்கிறது, 'காசு கேட்டு அரிக்கிறான்' என்று மனிதனும் அரிக்கிறான். தினவு என்கிறோம், 'தின்' என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. தோள் தினவெடுத்த வீரன் என்னும்போது அவனைத் தின்பது போர் வேட்கை. புதுச்செருப்பு உராய்ந்து புண்ணானால் தமிழன் உராய்ந்தது என்று சொல்வதில்லை. செருப்புக் கடித்துவிட்டது என்கிறான். தோலின் துன்பத்தைத் தமிழ் பெரும்பாலும் பல்லின் செயலாகவே கண்டிருக்கிறது. 'ஃப்ரெட்' என்பதில் ஆங்கிலமும் அவ்வாறு கண்டது. 'ச்சேஃப்' என்பதில்தான் நெருப்பைக் கண்டது. நமக்கும் நெருப்பு இல்லாமலில்லை. 'எரிச்சல்' இருக்கிறது: காயத்திலும் எரிச்சல், அடுத்தவர் பேச்சிலும் எரிச்சல், பிறர் வாழ்வு கண்டு வயிற்றிலும் எரிச்சல்.

சூட்டைப் பற்றிய பேச்சில் ஒரு சொல்லை மட்டும் விடமுடியாது. 'நான்ஷலன்ட்' என்பது எதற்கும் அலட்டிக்கொள்ளாத அக்கறையின்மையைக் குறிக்கும். அதுவும் நம் 'கலேரே' குடும்பத்ததுதான். சூடேறுதல் என்பது பழைய பிரெஞ்சில் 'எனக்கு அக்கறை உண்டு' என்ற பொருளைப் பெற்றது. அதற்கு எதிர்மறை சேர்ந்தது இச்சொல். எதுவும் சுடாதவன் என்று பொருள். ஆங்கிலத்தில் அது சிலநேரம் பாராட்டாகவும் வரும். நாம் அதையே 'சூடு சொரணை இல்லாதவன்' என்போம். அதில் பாராட்டு எள்ளளவும் இல்லை. இரண்டு மொழிகள் ஒரே உருவகத்தைக் கண்டுபிடித்து, எதிரெதிராகத் தீர்ப்பு வழங்கியிருக்கின்றன.

இனி இந்த ஆராய்ச்சிக்கு என்னைத் தள்ளிய வழக்கைச் சொல்கிறேன். நம் வட்டத்தின் கவிஞர் ஒருவர் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் முதல் அங்கத்தைத் தமிழாக்கி வருகிறார். காசியஸ் புரூட்டஸிடம் பேசும் புகழ்பெற்ற பகுதி அதில் உண்டு. குளிரும் சூறைக்காற்றுமான ஒருநாள். டைபர் ஆறு கலங்கிப் பெருகித் தன் கரைகளோடு 'ச்சேஃப்' செய்துகொண்டிருக்கிறது. நீந்தி அக்கரை முனைக்கு வர உன்னால் முடியுமா என்று சீசர் அறைகூவ, உடுத்த உடையோடு குதித்தேன் என்கிறான் காசியஸ். பாதி வழியில் சீசர் மூழ்கத் தொடங்கிக் காப்பாற்றச் சொல்லிக் கூவியதையும், தந்தையைத் தோளில் சுமந்த ஈனியஸைப் போல் தான் அவரைச் சுமந்து வந்ததையும் சொல்லி, அந்த மனிதர் இன்று தெய்வமாகிவிட்டார் என்று புழுங்குகிறான்.

நம் கவிஞர் அந்த வினையை 'உராய்ந்தது' என்று மொழிபெயர்த்தார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பெருவெள்ளம் கரையை உராய்வதாகச் சொன்னால் பூனை தூணை உராய்வது போலிருக்கிறதே, 'சினந்தது' என்று வையுங்கள் என்றார். வேறொருவர், மூலத்தில் கரையும் இருக்கிறது, கரையோடு என்ற உறவும் இருக்கிறது, சினம் என்றால் அது தனியே நின்று கொதிக்குமே என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. இச்சொல்லின் இரண்டு ஓடைகளில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்நாடகம் எழுதப்பட்டது 1599-ஐ ஒட்டி. தோலைப் புண்ணாக்குதல் என்ற பொருள் அப்போது நூறாண்டு நிரம்பாத இளம்பொருள். சினம் என்ற பொருளோ இருநூறாண்டுப் பழமை உடையது. ஷேக்ஸ்பியரின் பிற இடங்களைப் பார்த்தால் சினமே முந்தி நிற்கிறது. 'ஆண்டனியும் கிளியோபாத்ராவும்' நாடகத்தில் ஆண்டனியின் கோபத்தைக் கிளியோபாத்ரா கேலி செய்யுமிடத்தில் இச்சொல் பெயராகவே வந்து வெறும் சினத்தைக் குறிக்கிறது. உராய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. 'குளிர்காலக் கதை'யில் புயற்கடலைக் கண்டு ஓடிவந்த இளைஞன் அதன் சீற்றத்தை விவரிக்கும்போது இச்சொல்லையும் வெறியைக் குறிக்கும் மற்றொரு சொல்லையும் அடுத்தடுத்து அடுக்குகிறான். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், தாவீதும் அவன் ஆட்களும் குட்டிகளை இழந்த கரடியைப் போல் இருப்பதாகச் சாமுவேலின் இரண்டாம் நூல் சொல்லுமிடத்தில், எபிரேய மூலத்தில் 'உள்ளம் கசந்தவர்கள்' என்றிருப்பதை, மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லால்தான் ஆங்கிலமாக்கினார்கள். கசப்பைச் சூடாக மாற்றிய மொழிபெயர்ப்பு அது. அந்தக் காலத்து ஆங்கிலக் காதில் இச்சொல் விழுந்தால் முதலில் எழுந்த ஒலி சினத்தின் ஒலி என்று கொள்ள இவை போதும்.

எனினும் டைபர் அடியில் ஷேக்ஸ்பியர் 'கரைகளோடு' என்று சேர்த்திருக்கிறார். அங்கேதான் அவருடைய கைவன்மை. சினக்கும் ஆற்றுக்கு ஓர் எதிராளியைக் கொடுத்து, கரையை ஒரே சமயத்தில் பகையாகவும் உராய்பொருளாகவும் ஆக்கிவிட்டார். பழைய பொருளும் புதிய பொருளும் அந்த ஒரு சொல்லில் கரையும் நீருமாக மோதுகின்றன. நாளோ குளிர்ந்த நாள். வேரில் நெருப்பை வைத்திருக்கும் சொல்லைக் குளிர்ந்த ஆற்றுக்குக் கொடுத்திருக்கிறார். லத்தீன் சிறிதளவேனும் கற்றவர் அவர். இதை அறிந்து செய்தாரா என்ற கேள்வியை நான் எழுப்பமாட்டேன். சொல் அறிந்திருந்தது.

இன்னும் ஒன்று. அந்த ஆறு யார்? காசியஸ் ஆற்றைப் பற்றியா பேசுகிறான்? தன்னைவிட எவ்வகையிலும் உயர்ந்தவனல்லாத ஒருவனின் அதிகாரம் இருபுறமும் கரையாக எழுந்து நிற்க, அதற்குள் அடங்கி ஓட வேண்டிய நிலைமை அவனுடையது. நீரின் மேல் ஏற்றிச் சொன்ன வினை அவன் நெஞ்சிலிருந்து எடுத்தது. ஆற்றுக்கு 'மோதியது' என்றோ 'அலைத்தது' என்றோ வைத்தால் ஆறு கிடைக்கும், காசியஸ் கிடைக்கமாட்டான். அக்காட்சியின் முடிவில் தொடங்கும் சதிக்கு விதை இந்த வினையில் இருக்கிறது. ஒரு சொல்லுக்காக இத்தனை நேரம் வாதாடுவதா என்று அன்று கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். வாதாட வேண்டிய சொல்தான் அது.

தமிழில் என்ன வைப்பது? 'குமுறியது' என்றால் உள்ளொலி கிடைக்கிறது, கரை இல்லை. 'எரிச்சல்' நெருப்பைத் தருகிறது. ஆனால் அது தனியாள் நோய், இரண்டாம் பொருளைத் தொடாது. 'உரசியது' என்பதற்கு ஓர் உரிமை உண்டு. இருவருக்குள் உரசல் என்றால் பிணக்கு என்று இன்றைய தமிழ் புரிந்துகொள்கிறது; தீக்குச்சியும் உரசித்தான் பற்றுகிறது. ஆனால் பெருவெள்ளத்தின் பருமனை அச்சொல் தாங்காது.

நான் முன்மொழிவது 'பொருதல்' என்னும் பழஞ்சொல். போரிடுதல் என்பது அதன் பொருள். முட்டி மோதுதல், தாக்கித் தேய்த்தல் என்பனவும் அதற்குள் அடங்கும். ஆறும் கடலும் கரையைப் பொருவதாகச் சொல்வது நம் பழம்பாட்டின் வழக்கம். ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியர் முயன்று கூட்டிய பகையையும் தொடுகையையும் நம் சொல் இயல்பாகவே கொண்டிருக்கிறது. 'கரை பொருதது' என்றால் ஆறும் கிடைக்கிறது, எதிராளியும் கிடைக்கிறான். வேரிலுள்ள சூடு கிடைக்காது. அதற்கு அடுத்த சீரில் வேறு வழி தேட வேண்டும். 'பொருது புழுங்கியது' என்று வைத்துப் பார்த்தேன். புழுங்குதல் வெப்பத்தையும் மனவேக்காட்டையும் ஒருங்கே தரும். அவிந்தும் கொதியாமல் உள்ளுக்குள் வேகும் காசியஸுக்கு அது பொருந்துகிறது. ஆனால் குளிர்காற்று வீசும் நாளில் புழுக்கம் ஏது என்று கேட்பீர்கள். மூலத்திலும் அந்த முரண் உள்ளது என்பதே என் விடை.

நம் கவிஞர் நண்பர் இன்னும் உடன்படவில்லை. 'பொருதது' என்பது காசியஸைச் சங்ககாலத்து மறவனாக்கிவிடுகிறது, அவன் உரோமாபுரி அரசியல்வாதி, அவன் வாயில் வழக்குச்சொல்லே வரவேண்டும் என்கிறார். எடுத்தெறிய முடியாத மறுப்புத்தான் அது. முதல் அங்கத்தின் மொழிபெயர்ப்பு முழுவதையும் அவர் அடுத்த கூட்டத்தில் படிக்க இசைந்திருக்கிறார். இவ்விடத்துக்கு வேறு சொல் வைத்திருப்போர் அன்று அதை எழுதிக்கொண்டு வரலாம். அடி முழுவதையும் அமைத்து எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நன்று. நான் என் 'பொருதது'வோடு முன்வரிசையில் அமர்ந்திருப்பேன்.